உடைந்தால் கழற்றலாம்

கேமரன் மலைக்குச் சுற்றுலா வருகிறவர்களைப் பழைய லேண்ட் ரோவரில் ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங் உச்சிக்குப் போகிற ஓட்டுநர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். இந்தக் காடிக்கு அழிவே கிடையாது, உடையவே உடையாது என்று. சென்ற ஆண்டு உறவுக்காரப் பிள்ளைகளோடு நானும் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு குழிக்கும் தலை கூரையில் இடிக்க, அதைக் கேட்டுக்கொண்டு போனேன். சிரிப்பை அடக்கத்தான் சிரமமாக இருந்தது. உடையாதாவது! அந்த வண்டியின் பின் ஆக்சிலிலிருந்து உடைந்த துண்டுகளைத் தோண்டி எடுத்து வளர்ந்தவன் நான். அந்த மலையில் அது அத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் வேறு. அந்தக் காரணத்தை அறிய வண்டிக்குள் உட்கார்ந்தால் போதாது, அடியில் படுக்க வேண்டும்.

லேண்ட் ரோவர் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வெளியே தலைகாட்டியது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்டுகளைத் தேடிக் காடு புகுந்த பிரிட்டிஷ் பட்டாளத்தோடு இந்த வண்டியும் மலையேறியது. 1960-இல் அவசரகாலம் முடிந்தது. பட்டாளம் கழித்துவிட்டவை கைமாறிக் கைமாறித் தேயிலைத் தோட்டங்களுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தன. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் உடம்பை அலுமினியக் கலவையில் அடித்திருந்தார்கள். ஓயாத மழையில் அது துருப்பிடிக்கவில்லை. அடியில் இருக்கிற இரும்புச் சட்டம் மட்டும் யாருக்கும் தெரியாமல் உதிர்ந்துகொண்டிருந்தது.

என் பெரியப்பா தேயிலைத் தோட்டத்தில் ஃபிட்டராக இருந்தவர். வேலையை விட்டு வந்து ரிங்லெட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்துக்கொண்டார். 1986 கடைசியில் ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் சும்மா கிடந்த என்னை அம்மா அவரிடம் தள்ளிவிட்டார். சம்பளம் என்று ஒன்றும் பேசவில்லை. மத்தியானச் சோறும், சனிக்கிழமை கையில் திணிக்கிற சில வெள்ளியும்தான்.

மழை சற்று விட்டிருந்த ஒரு காலை, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் முட்டைக்கோஸ் போடுகிற தவுக்கே ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முழங்கால் வரை சேறு.

"அண்ணே! கெரெத்தா தா மாவ் ஜாலான்!"

வண்டி நகர மாட்டேன் என்கிறதாம். அந்த மலையில் சீனர்களுக்கு எந்தத் தமிழரும் அண்ணே தான்; வயது கணக்கில்லை. பெரியப்பா ஸ்டவ்வில் கொதித்துக்கொண்டிருந்த கோப்பியை இறக்கி வைத்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். நிற்பதற்கு முன்னால் பின்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் வந்ததா? வந்தது. கைப்பிரேக் பிடிக்கிறதா? பிடிக்கவில்லை, சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பெரியப்பா என்னைப் பார்த்து, "ஷாஃப்ட் போச்சு. காந்தத்தை எடுத்துக்க, ரெண்டு கித்தான் எடுத்துக்க" என்றார்.

கைப்பிரேக்குக்கும் உடைந்த ஷாஃப்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று எனக்குப் புரியவில்லை. மற்ற வண்டிகளில் கைப்பிரேக் பின்சக்கரங்களை நேராகப் பிடிக்கும். லேண்ட் ரோவரில் அப்படி இல்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னால், புரொபெல்லர் ஷாஃப்ட் புறப்படுகிற இடத்தில் ஒரு டிரம் இருக்கிறது. கைப்பிரேக் அதைத்தான் பிடிக்கும். அந்தப் பிடி புரொபெல்லர் ஷாஃப்ட் வழியாக டிஃபரன்ஷியலுக்கும், அங்கிருந்து இரண்டு ஹாஃப் ஷாஃப்ட்கள் வழியாகச் சக்கரங்களுக்கும் போக வேண்டும். நடுவில் எது அறுந்தாலும், எதை நாமே கழற்றினாலும், கைப்பிரேக் வெறும் கைப்பிடிதான். சரிவில் நிற்கிற வண்டிக்கடியில் படுத்துப் புரொபெல்லர் ஷாஃப்டின் கடைசி போல்ட்டை உருவுகிறவன் அந்த நொடியில் வண்டியை அவிழ்த்து விடுகிறான். அதனால் பெரியப்பா எந்த வேலையையும் கல் வைக்காமல் தொடங்க மாட்டார். ஒரு சக்கரத்துக்கு இரண்டு கல், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வைத்த பிறகு வண்டியை உடம்பால் ஒருமுறை தள்ளிப் பார்ப்பார். நான் வைத்த கல்லை அவர் காலால் ஒருமுறை உதைப்பார். அதற்குப் பிறகுதான் கித்தானை விரிக்கச் சொல்வார்.

வண்டி 88 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட சீரிஸ் டூ ஏ, பெட்ரோல். பின்னால் கூரை வரை முட்டைக்கோஸ் கூடைகள். சரிவில் ஏறும்போது சேற்றில் ஒரு சக்கரம் சுழன்றிருக்கிறது. ஓட்டிய பையன் ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறான். சுழன்ற சக்கரம் திடீரென்று ஒரு கல்லைக் கவ்வியிருக்கிறது. ஹாஃப் ஷாஃப்ட் உடைவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. சுழற்சியில் இருக்கிற இரும்பு முழுவதும் ஒரே நொடியில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த அதிர்ச்சியை, விரல் கனத்துக்குச் சற்றே கூடுதலான ஒரு தண்டு வாங்கிக்கொள்கிறது.

அந்தத் தண்டு உடைந்தாலும் சக்கரம் கழன்று விழாது. லேண்ட் ரோவரின் பின்சக்கரம் தன் சொந்த பேரிங்குகளில், ஆக்சில் குழாயின் முனையில் உட்கார்ந்திருக்கிறது. வண்டியின் பாரம் ஹாஃப் ஷாஃப்டின் மேல் ஏறுவதே இல்லை. சுழற்றுவது ஒன்றுதான் அதன் வேலை. அதனால் அதை வெளியே எடுக்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், ஜாக்கி கூடப் போட வேண்டாம். சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஆறு போல்ட்டுகளை அவிழ்த்து, மூடியோடு சேர்த்துப் பிடித்து இழுத்தால், கிரீஸ் வடிய வடிய முழு நீளமாக வந்துவிடும். டிஃபரன்ஷியல் வண்டியின் நடுவில் இல்லாமல் வலது பக்கம் ஒதுங்கி இருப்பதால் இடது ஷாஃப்ட் நெட்டை, வலது ஷாஃப்ட் குட்டை. அன்று நெட்டை முழுசாக வந்தது. குட்டை இன்னும் குட்டையாக வந்தது. முனையில் இருக்க வேண்டிய பத்துப் பல் வரிசையைக் காணோம். உடைந்த வாய் சாம்பல் நிறத்தில் பொரிந்து தெரிந்தது, அதற்குச் சற்று முன்னால் தண்டு லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது.

காணாமல் போன முனை டிஃபரன்ஷியலுக்குள் இருந்தது. பழைய ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து பிடுங்கிய காந்தத்தை மூங்கில் குச்சியில் கட்டி வைத்திருந்தார் பெரியப்பா. குழாய்க்குள் விட்டுத் தடவினார். 'டிக்' என்று ஒட்டியது. மெல்ல, ஆட்டாமல் உருவி வெளியே எடுத்தபோது தவுக்கேக்கு முகமெல்லாம் பல். வேறு ஷாஃப்ட் ஒன்றைச் செருகினால் முடிந்தது, மத்தியான லாரிக்குக் கோஸ் போய்விடும்.

பெரியப்பா அந்தத் துண்டைத் துடைத்து, உடைந்த தண்டோடு வாய்க்கு வாய் சேர்த்துப் பார்த்தார். ஓரத்தில் ஒரு நகம் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அந்தச் சில்லு எங்கே? அடிப்பக்கத்து வடிகால் மூடியைத் திறந்து எண்ணெயைப் பால் டின்னில் பிடித்தார். கியர் எண்ணெய் சாதாரணமாகவே கெட்டி. அந்தக் குளிரில் ஓட மனமில்லாமல் வழிந்தது. அதில் கலக்கிற கந்தகச் சரக்கின் வாடை ஒருமுறை கையில் ஏறினால் சோப்புக்குப் போகாது, அன்று இரவு சாப்பிடும்போது திரும்ப வரும். டின்னுக்குள் விரலை விட்டுத் துழாவினார். சில்லு கிடைத்தது. கூடவே இன்னொரு துண்டும் கிடைத்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதை உருட்டிப் பார்த்துவிட்டு என் உள்ளங்கையில் வைத்தார். ஒருபக்கம் வழவழவென்று கண்ணாடி மாதிரி மின்னியது, மறுபக்கம் கரடு.

"இது ஷாஃப்டுது இல்ல, தம்பி. கிரவுன் பல்லு. டிஃப் இறங்கணும்."

தவுக்கேயின் முகத்திலிருந்து பல் மறைந்தது.

சேற்றுச் சரிவில் படுத்து டிஃபரன்ஷியலை இறக்க முடியாது. மேலே, கோஸ் கட்டுகிற கொட்டகை வரைக்கும் வண்டியை ஏற்ற வேண்டும். பின் புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிக் கம்பியால் ஓரமாகக் கட்டிவிட்டோம். ஹாஃப் ஷாஃப்ட்கள் இரண்டும் ஏற்கெனவே வெளியே. சக்கரங்களின் நடுவில் திறந்து கிடந்த வாய்களில் சேறு புகாமல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் கட்டினோம். இப்போது பின் ஆக்சில் வெறுமனே உருளுகிற ஆக்சில். உள்ளே ஒரு பல்லும் திரும்பாது. சிவப்புக் குமிழ் வைத்த நெம்புகோலைப் பின்னால் இழுத்தால் வண்டி தாழ்ந்த விகிதத்துக்குப் போகும், முன்சக்கரங்களும் தாமாகச் சேர்ந்துகொள்ளும். நாலு சக்கர வண்டியாக வாங்கியதன் பயன் அப்போது தெரிந்தது: முன் ஆக்சில் ஒன்றே போதும், வீடு போய்ச் சேரலாம்.

ஆனால் பெரியப்பா வண்டியை நேராக ஏற்றவில்லை. கூடைகளை இறக்கச் சொன்னார். சரிவின் அடியில் தட்டையாக இருந்த இடத்தில் வண்டியைத் திருப்பி, பின்பக்கமாக, ரிவர்ஸ் கியரில் மேட்டில் ஏற்றினார். எனக்கு அவர் வேடிக்கை காட்டுகிறார் என்றே தோன்றியது. மேடு ஏறும்போது பாரம் கீழ்ப்பக்கத்துச் சக்கரங்களின் மேல் சாயும். நேராக ஏறினால் கீழ்ப்பக்கம் என்பது பின்சக்கரம், அதற்கோ இப்போது உயிரில்லை. முன்சக்கரம் லேசாகிச் சேற்றில் சுழன்றுகொண்டே நிற்கும். பின்னோக்கி ஏறினால் எஞ்சின் பாரத்தோடு முழுச் சுமையும் வேலை செய்கிற சக்கரங்கள் மேலேயே உட்காரும். வண்டி சேற்றில் கொஞ்சம்கூட வழுக்காமல், முதுகு காட்டியபடி கொட்டகைக்குள் போய் நின்றது. ஓட்டிய பையனும் நானும் கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினோம்.

கழற்றுகிற வேலையில் சொல்வதற்கு ஏராளம் இருக்கும் என்று நினைப்பீர்கள். உண்மையில் கொஞ்சம்தான். சீரிஸ் வண்டியின் டிஃபரன்ஷியல், ஆக்சிலில் உருண்டையாக உப்பியிருக்கிற கூட்டின் முன்பக்கத்தில், பத்து ஸ்டட்களில் பத்து நட்டுகளால் மாட்டியிருக்கும் ஒரே கட்டு. உள்ளே இருக்கிற எதையும் அவிழ்க்காமல், பினியன், கிரவுன் வீல், பேரிங் எல்லாம் சேர்ந்தபடி முன்பக்கமாகக் கழன்று வரும். கீழ்ப்பாதி நட்டுகள் கைக்கு வசதி. மேல்பாதியில் இரண்டு மூன்று, வண்டியின் தரைப்பலகைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன. அங்கே விரல் நுனிதான் கண். கழுத்து வளைந்த ரிங் ஸ்பேனரை மாட்டி, எட்டில் ஒரு பங்கு திருப்பி, எடுத்து, மறுபடி மாட்டித் திருப்ப வேண்டும். மேலேயிருந்து காய்ந்த சேறு கண்ணில் விழுந்துகொண்டே இருக்கும். அந்த நட்டுகளை உருவாக்கியவன் ஒருநாளாவது அங்கே படுத்திருப்பானா என்று நான் முணுமுணுத்ததற்கு, "படுத்திருக்கான். அதனாலதான் பத்தோட நிறுத்தினான்" என்றார் பெரியப்பா.

கடைசி இரண்டு நட்டுகளை, மேல்பக்கத்து இரண்டை, அவர் கழற்ற விடமாட்டார். நாலு சுற்றுத் தளர்த்தி அப்படியே விடச் சொல்வார். பிறகு மரச் சுத்தியலால் ஓரத்தில் ஒரு தட்டு. காகித கேஸ்கெட் ஒட்டு விட்டு, மிச்ச எண்ணெய் கோடாக வழியும். டிஃபரன்ஷியல் முன்னால் நகர்ந்து அந்த இரண்டு நட்டுகளில் தொங்கும். அந்த இரண்டு இல்லாவிட்டால் அது ஸ்டட்களிலிருந்து வழுக்கி நெஞ்சில் இறங்கும். நின்றபடி ஒரு ஆள் தூக்கிவிடக்கூடிய கனம்தான். படுத்தபடி தூக்க முடியாத கனம். மூக்கு வேறு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், தலை கனத்துக் குப்புற விழப் பார்க்கும். நாங்கள் கோஸ் கூடை இரண்டைக் கவிழ்த்து அதன்மேல் பழைய டயர் ஒன்றைப் போட்டோம். நான் மூக்கைப் பிடித்துக்கொள்ள, அவர் ஒரு கையால் நட்டுகளை உருவி, மறுகையால் அதன் வயிற்றைத் தாங்கி, இருவருமாக முன்னால் இழுத்து டயரில் உட்கார வைத்தோம். கூடை நெரிந்தது. டயர் தாங்கிக்கொண்டது.

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கிரவுன் வீலைக் கையால் சுற்றினோம். நாற்பத்தேழு பல். அதை ஓட்டுகிற பினியனுக்குப் பத்துப் பல். பினியன் 4.7 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். பல் ஒவ்வொன்றும் நடுவில் தேய்ந்து மினுங்கியது. சாக்குத் துணியால் துடைத்துக்கொண்டே வர, ஓரிடத்தில் விரல் தடுக்கியது. ஒரு பல்லின் வெளிமுனை போயிருந்தது, அடுத்த பல்லில் விரிசல். சில்லு நடுவில் சிக்கி நசுங்கிய இடம் அதுதான்.

"வா, ஒண்ணு காட்றேன்" என்று பெரியப்பா நல்ல ஹாஃப் ஷாஃப்டை ஒருபக்கம் செருகினார். மறுபக்கத்துச் சின்னப் பல்சக்கரத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். பினியனை அசையாமல் என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஷாஃப்டை முன்னால் சுற்றினார். கோடு பின்னால் சுற்றியது. நிறுத்தித் திருப்பிச் சுற்றினார்; கோடும் திரும்பியது. ஒருபக்கம் எத்தனை சுற்று முந்துகிறதோ அத்தனை சுற்று மறுபக்கம் பிந்துகிறது. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கினால் ஒன்று தேய வேண்டும் அல்லது தண்டு முறுக வேண்டும். நாலு சின்னப் பல்சக்கரங்களை ஒரு கூட்டுக்குள் போட்டு இந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டார்கள். 1820களின் கடைசியிலேயே, பெட்ரோல் வண்டி பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முன்னால், பெக்கர் என்கிற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார் என்பதைப் பின்னால் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பள்ளியில் இயற்பியல் பாடத்தில் முறுக்குவிசை என்று மனப்பாடம் செய்தது அன்று அந்தக் கொட்டகையில்தான் கைக்கு அகப்பட்டது.

அதே வசதிதான் சேற்றில் குற்றமாகிறது. ஒரு சக்கரம் பிடியில்லாமல் சுழன்றால், சுழற்சி எல்லாம் அந்தப் பக்கமே போய்விடும். பிடியுள்ள சக்கரம் சும்மா நிற்கும். "இவன் சோம்பேறிப் பிள்ளைக்கே சோறு போடுற அப்பன்" என்பார் பெரியப்பா. ஹாஃப் ஷாஃப்ட் உடைந்ததும் வண்டி முற்றாக நின்றுபோனதற்கும் இதுவே காரணம். உடைந்த பக்கம் எதிர்ப்பே இல்லை. இன்னொரு ஷாஃப்ட் முழுசாக இருந்தும் அதற்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

வேறு டிஃபரன்ஷியலுக்கு ஈப்போ போனோம். தாப்பா சாலையின் வளைவுகளில் பஸ்ஸில் இறங்கியதும், பழைய இரும்புக் கடையில் பேரம் பேசியதும் பெரிய கதை இல்லை. கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். புதுசு மாதிரி இருந்தது, விலையும் சொன்னார், நான் தூக்கவே குனிந்துவிட்டேன். பெரியப்பா சாக்கட்டியை எடுத்தார். பினியன் முனையில் ஒரு கோடு, கிரவுன் வீலில் ஒரு கோடு. கிரவுன் ஒரு சுற்று வரும்வரை பினியனைச் சுற்றிக்கொண்டே எண்ணினார். மூன்றரையிலேயே கோடு வந்து நின்றது. "இது ரேஞ்ச் ரோவருது" என்று திருப்பித் தள்ளிவிட்டார்.

வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று. அதே பத்து ஸ்டட் துளை, அதே பல் வரிசை, அப்படியே பொருந்தும். 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவருக்கு 3.54 விகிதம். நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுகிறவர்கள் வேண்டுமென்றே அதை வாங்கி இரண்டு ஆக்சிலிலும் மாட்டுவதுண்டு. எஞ்சின் சத்தம் குறையும், வேகம் கூடும். பின்னால் மட்டும் மாட்டினால்தான் வினை. முன்னால் 4.7, பின்னால் 3.54 என்று இருக்க, நாலு சக்கரத்தையும் சேர்த்தால் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் ஓடப் பார்க்கும். நடுவில் அதைத் தீர்த்துவைக்க சீரிஸ் வண்டியில் இன்னொரு டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றில் சமாளிக்கலாம். கெட்டித் தரையில் எதையாவது முறித்துவிட்டுத்தான் ஓயும். கடைக்காரர் கொஞ்சமும் வெட்கப்படாமல் உள்ளே போய் இன்னொன்றை எடுத்து வந்தார். ஐந்துக்குச் சற்று முன்னால் கோடு வந்தது. பெரியப்பா காசை எண்ணினார்.

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ்தான். தடித்த வரைபடத் தாளைக் கூட்டின் விளிம்பில் வைத்துச் சுத்தியலின் உருண்டைத் தலையால் ஓரம் தட்டித் தட்டியே கேஸ்கெட் வெட்டினார், கத்தரிக்கோலைத் தொடவில்லை. அது ஒரு அழகு. இப்போது குழாயில் அடைத்த பசையைப் பிதுக்கிவிட்டுப் போகிறார்கள், அதுவும் ஒழுகாமல் நிற்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தத் தட்டல் சத்தம் எனக்குப் பிடிக்கும். நட்டுகளை எதிர் எதிராக இறுக்கி, நிரப்புகிற துளையின் விளிம்பில் வழியும்வரை எண்ணெய் ஊற்றினோம். மூன்று பைண்ட், அதாவது 1.7 லிட்டர்.

இதை இவ்வளவு எளிது என்று சொல்ல எனக்குத் தைரியம் வந்தது, பின்னொரு நாள் 109 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட நீள வண்டி ஒன்றின் பின் ஆக்சிலைப் பார்த்த பிறகுதான். சீரிஸ் த்ரீ நீள வண்டிகளுக்கு சாலிஸ்பரி ஆக்சில் கொடுத்தார்கள். பார்க்கவே பயில்வான். பெரிய கிரவுன் வீல், தடித்த ஷாஃப்ட்; லேசில் உடையாது. ஆனால் அதில் டிஃபரன்ஷியல் தனிக் கட்டு இல்லை. வார்ப்புக் கூட்டுக்குள்ளேயே, பின்மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. பேரிங்குகளுக்கு நடுவில் சன்னமான தகடுகளைச் செருகி, கூட்டுக்குள் நெருக்கி உட்கார வைத்திருப்பார்கள். வெளியே எடுக்கக் கூட்டையே ஒரு மயிரிழை அகட்டுவதற்கென்று தனிக் கருவி வேண்டும் என்கிறது கம்பெனிப் புத்தகம். திரும்ப மாட்டும்போது பல்லுக்குப் பல் எவ்வளவு இடைவெளி என்று டயல் வைத்து அளக்க வேண்டும். எல்லாம் நல்ல பட்டறையில் நடக்கிற காரியம். கோஸ் கொட்டகையில் நடக்காது. அந்த வண்டியை லாரியில் ஏற்றித்தான் கீழே அனுப்பினோம்.

என்னிடம் இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் பலவீனமானதைத்தான் சொல்வேன். பொறியியல் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். சாலிஸ்பரி பத்து வருடத்துக்கு ஒருமுறை உடையலாம். உடைகிற அன்று தோட்டக்காரனுக்குக் கோஸ் அழுகும். சீரிஸ் ஷாஃப்ட் மழைக்கு மழை உடையலாம். ஆனால் உடைகிற இடம் ஆறு போல்ட்டுக்கு உள்ளே இருக்கிறது, அதையும் தாண்டினால் பத்து நட்டுக்கு உள்ளே. அந்த மலையில் ஹைலக்ஸ்கள் பெருகி, 2016 ஜனவரியில் சோலிஹல் தொழிற்சாலையில் கடைசி டிஃபெண்டர் இறங்கி, பழைய லேண்ட் ரோவர் சுற்றுலாப் பண்டமாகிப் போன பிறகும், தோட்டங்களுக்கு உள்ளே அது இன்னும் கூடை ஏற்றிக்கொண்டு ஓடுகிறதென்றால், பிரியம் ஒரு காரணமே இல்லை. தவுக்கேமார் பிரியத்துக்காக ஒரு வண்டியை வைத்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தவுக்கே அன்று கூலியில் பாதியை வெள்ளியாகவும் பாதியைக் கோஸாகவும் கொடுத்தார். வீட்டில் அதற்குப் பிறகு என்ன சமைத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரியப்பா அவரிடம் ஒரு கண்டிப்பான யோசனை சொன்னார்: நெட்டை ஒன்று, குட்டை ஒன்று, இரண்டு பழைய ஹாஃப் ஷாஃப்ட்களை வாங்கி இருக்கைக்குப் பின்னால் கட்டி வைத்துக்கொள், சத்தம் வந்தால் மிதிக்காதே, மஞ்சள் குமிழை அழுத்தி முன்சக்கரத்தில் வீடு வந்து சேர். "பொலே, பொலே" என்று தவுக்கே தலையாட்டினார். அடுத்த மழையில் மறுபடி அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் இம்முறையும் குட்டைதான். முனை காந்தத்தில் சுத்தமாக, சில்லு குறையாமல் வந்துவிட்டது. டிஃப் இறக்க வேண்டாம். இருக்கைக்குப் பின்னால் கட்டியிருந்த குட்டையை எடுத்துச் செருகினோம், ஆறு போல்ட்டு, அவ்வளவுதான்.

"நெட்டை எங்க?" என்று பெரியப்பா கேட்டார்.

தவுக்கே கொட்டகைக்குப் பின்னால் கையைக் காட்டினார். கோழிக்கூண்டுக் கதவுக்குக் குறுக்கே அதைத் தாழ்ப்பாளாகப் போட்டிருந்தார்.